ஓட்டு வீடும் நோட்டுப் புத்தகமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

திருப்பூரிலிருந்து கிழக்கே செல்லும் இருப்புப் பாதையில் ஊத்துக்குளி, விஜயமங்கலம், ஈரோடு ஆகிய ஊர்களை நம்மில் பலர் எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். ஊத்துக்குளி என்றால் நமக்கு வெண்ணெய் நினைவுக்கு வரும். ஈரோடு என்றால் மஞ்சளும் ஜவுளிச் சந்தையும். விஜயமங்கலம் என்றால் நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடி. இவற்றைத் தவிர வேறொன்றும் எனக்கும் தெரியாதிருந்தது.

சென்ற டிசம்பரில் எங்கள் கணிதத் துறையைச் சேர்ந்த இருபத்தாறு பேர் கல்விச் சுற்றுலாவாகக் கும்பகோணம் சென்றோம். கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறை செல்லும் ஜன் சதாப்தி வண்டி விஜயமங்கலத்தில் நில்லாமல் விரைந்தபோது, எங்களுடன் வந்த பேராசிரியர் சன்னலுக்கு வெளியே கைகாட்டிச் சொன்னார்: “இந்த ஊரோடு தொடர்புடையவர் கொங்குவேளிர். பெருங்கதை என்னும் காப்பியம் பாடியவர். அந்த நூலின் தொடக்கமும் முடிவும் நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியதை உ. வே. சாமிநாதையர் தேடி எடுத்து 1924ஆம் ஆண்டு அச்சிட்டார்.” சிறிது நேரத்தில் ஈரோடு வந்தது. “இது ராமானுஜன் பிறந்த ஊர். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார்” என்றார்.

தமிழ்ப் புலவருக்கும் கணித மேதைக்கும் என்ன தொடர்பு என்று நாங்கள் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, “கும்பகோணம் போய்ச் சேருங்கள், தெரியும்” என்றார். அந்தத் தொடர்பு எனக்கு விளங்கிய விதத்தையும், அதனால் என் வீட்டில் நான் செய்த ஒரு பிழையை உணர்ந்ததையும் சக மாணவ மாணவியரிடம் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாரங்கபாணி சன்னிதித் தெரு

கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலின் இராஜகோபுரத்தை நோக்கிச் செல்லும் தெரு சாரங்கபாணி சன்னிதித் தெரு. அத்தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு. அதுவே ராமானுஜன் வளர்ந்த வீடு. மாளிகை ஒன்றை எதிர்பார்த்துச் சென்ற எங்களுள் சிலருக்கு முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. முன்புறம் திண்ணை. உள்ளே நுழைந்தால் தெருவைப் பார்த்த சன்னலோடு ஒரு சிற்றறை, அதில் ஒரு கட்டில். அடுத்துக் கூடம், அங்கே ராமானுஜனின் மார்பளவுச் சிலை. அதற்கும் அப்பால் சமையலறை, கொல்லையில் கிணறு. பத்து நிமிடத்தில் வீடு முழுவதையும் பார்த்து முடித்துவிடலாம்.

ஆனால் பத்து நிமிடத்தில் பார்த்து முடிக்கும் வீட்டில் நாங்கள் ஒரு மணி நேரம் இருந்தோம். பேராசிரியர் எங்களைக் கூடத்தில் அமர வைத்து, அந்த வீட்டின் வரவு செலவைச் சொன்னார். ராமானுஜனின் தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுபவர். மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடிச் சிறு தொகை ஈட்டினார். அதுவும் போதாமல், வெளியூரிலிருந்து வந்து படித்த கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்து உணவளித்தனர்.

துணிக்கடைக் கணக்கர் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதும் எங்களுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் துணியோடு தொடர்புடைய வேலையில்தான் இருக்கிறார். என் தாயார் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். அதுவரை ‘உலக மேதை’ என்று எட்டாத உயரத்தில் நின்றவர், அந்தக் கூடத்தில் பக்கத்து வீட்டு அண்ணனைப் போல ஆகிவிட்டார்.

இந்த வீட்டைத் தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2003ஆம் ஆண்டு வாங்கிச் செப்பனிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் இதனை நினைவில்லமாகத் திறந்து வைத்தார். ராமானுஜன் மறைந்தது 1920இல். ஆக, அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாவதற்கு 83 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் இதை இடித்து வேறொரு கட்டடம் எழுப்பியிருந்தால் கேட்பாரில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் உ. வே. சாமிநாதையர் பல்லாண்டு வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’ என்ற இல்லம் 2012ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டதைப் பேராசிரியர் நினைவூட்டினார். ஒரு வீடு நிற்பது தானாக நடப்பதன்று. யாரோ ஒருவர் அதை நிறுத்திவைக்க வேண்டும்.

நூலகம் தந்த நூல்

அந்த வீட்டில் தங்கிப் படித்த மூத்த மாணவர்களிடமிருந்து ராமானுஜன் பாடநூல்களை வாங்கிப் படித்தார். லோனி எழுதிய திரிகோண கணித நூலைப் பதின்மூன்று வயதளவிலேயே கற்றுத் தேர்ந்தார். 1903ஆம் ஆண்டு அவர் கைக்கு வந்த மற்றொரு நூலே அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்கம் அது. கார் பெரிய கணித மேதை அல்லர். மாணவர்களைத் தேர்வுக்குப் பயிற்றுவித்த ஆசிரியர். ஏறத்தாழ 5000 தேற்றங்களையும் சூத்திரங்களையும் அவர் அந்நூலில் வரிசைப்படுத்தியிருந்தார். பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை. இருந்தாலும் ஓரிரு வரிக் குறிப்பே. ராமானுஜன் அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகத் தாமே நிறுவிப் பார்த்தார். அப்படிப் பார்க்கும்போதே புதியவை தோன்றின. அவற்றைக் குறித்துவைக்கத் தொடங்கியதுதான் இன்று உலகம் போற்றும் நோட்டுப் புத்தகங்கள்.

அந்த நூல் எங்கிருந்து வந்தது? கும்பகோணம் அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து, கல்லூரி மாணவர் வழியாக வந்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். நமது கல்லூரியைப் போலவே ஓர் அரசினர் கல்லூரி. அதன் அலமாரியில் எத்தனையோ நாள் யாரும் தொடாமல் கிடந்திருக்கக்கூடிய ஒரு நூல். அதை வாங்கிவைத்தவரும், பதிவேட்டில் எழுதியவரும், இரவல் எடுத்துக் கொடுத்தவரும் தாம் என்ன செய்கிறோம் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

1854ஆம் ஆண்டில் தோன்றிய அக்கல்லூரியைத் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று அழைப்பர். மாலையில் அதன் வாயிலுக்குச் சென்றோம். அருகே காவிரி. அங்கேதான் பேராசிரியர் எங்கள் வினாவுக்கு விடை சொன்னார். உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை அக்கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். ராமானுஜன் 1904ஆம் ஆண்டு அக்கல்லூரியில் சேர்ந்தார். ஓராண்டு இடைவெளியில் ஒருவர் வெளியேற, மற்றவர் நுழைந்தார். ஒருவர் அழியவிருந்த ஏடுகளைக் காத்தவர். மற்றவரோ, பிறர் காத்ததனால் நமக்குக் கிடைத்தவர்.

உதவித்தொகையுடன் சேர்ந்த ராமானுஜன் கணிதம் தவிர வேறெதிலும் மனம் செலுத்தவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1905ஆம் ஆண்டு வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை. இதைக் கேட்டதும் ஆங்கிலத்தாளில் தவறியிருந்த எங்களுள் சிலருக்கு (நானும் ஒருத்தி) மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று. பேராசிரியர் அதைக் கண்டுகொண்டார். “சந்தோஷப்பட வேண்டாம். அவரைக் காப்பாற்றியது 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதம். அது எந்த மொழியில் எழுதப்பட்டது?” என்றார். நாங்கள் வாய் திறக்கவில்லை. அப்போது ராமானுஜன் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர். அங்கே உயர் பதவியில் இருந்த நாராயண ஐயர் அவருக்கு உற்ற துணையாக நின்றார். திறமை ஒருவருடையதாக இருந்தாலும், அதைப் பிறர் அறியச் சொல்வதற்கு மொழியும் மனிதர்களும் வேண்டும் என்பது அன்று நான் கற்ற பாடங்களுள் ஒன்று.

ஒரு சிறு கணக்கு

ராமானுஜன் செய்த கணிதம் நமக்கு விளங்காது என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அவற்றுள் ஒன்றைப் பனியன் கட்டும் பிள்ளைக்கும் விளக்கிவிடலாம்.

நான்கு பனியன்கள் உள்ளன. அவற்றைக் கட்டுகளாகக் கட்ட வேண்டும். எத்தனை விதமாகக் கட்டலாம்? நான்கையும் ஒரே கட்டாகக் கட்டலாம். மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, நான்கையும் தனித்தனியாக. ஆக 5 விதம். இதனை எண்ணின் பிரிவினை என்பர். ஐந்து பனியன் என்றால் 7 விதம். பத்து என்றால் 42. இதுவரை எளிது. நூறு பனியன் என்றால் 19,05,69,292 விதம்! இருநூறுக்கு 3,972,999,029,388. மக்மஹோன் என்ற கணிதர் இருநூறு வரையிலான எண்களுக்கு இதைக் கையாலேயே கணக்கிட்டு ஓர் அட்டவணை தயாரித்தார்.

இவ்வளவு பெரிய எண்களை ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்க்காமல் சூத்திரத்தால் கண்டுபிடிக்க முடியுமா? ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து 1918ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அதற்கு வழி கண்டனர். அவர்களுடைய சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது, இருநூறுக்குரிய விடை மேற்கண்ட பதின்மூன்று இலக்க எண்ணிலிருந்து 0.004 அளவே வேறுபட்டது.

அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்த ராமானுஜன் வேறொன்றையும் கண்டார். 4க்கு 5 விதம், 9க்கு 30, 14க்கு 135, 19க்கு 490. நான்கிலிருந்து தொடங்கி ஐந்தைந்தாகத் தாண்டினால் கிடைக்கும் விடைகள் யாவும் ஐந்தால் மீதியின்றி வகுபடுகின்றன. இது தற்செயலன்று, எப்போதும் இப்படியே என்று நிறுவினார். இவ்வாறே 5இலிருந்து ஏழேழாகத் தாண்டினால் 7ஆல் வகுபடும்; 6இலிருந்து பதினொன்று பதினொன்றாகத் தாண்டினால் 11ஆல் வகுபடும். அட்டவணையைத் தயாரித்தவர் கண்ணிலும் அது இருந்தது. ஆனால் பார்த்தவர் ராமானுஜன். அதே நேரத்தில், மக்மஹோன் அட்டவணையைத் தயாரித்து வைக்காவிட்டால் ராமானுஜன் எதைப் பார்த்திருப்பார் என்பதும் நாம் எண்ணத்தக்கது.

எரியவிருந்த தாள்கள்

கும்பகோணத்து வீட்டில் நான் கேட்டவற்றுள் என்னை மிகவும் கலக்கியது இனி நான் கூறப்போவது.

ராமானுஜன் இளமையில் தாள் வாங்கப் பணமின்றிப் பலகையில் (சிலேட்டில்) கணக்குச் செய்வார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். எழுதிய தாளின் மீதே வேறு நிற மையால் மீண்டும் எழுதியதும் உண்டு. இங்கிலாந்திலிருந்து நோயுடன் 1919இல் திரும்பிய பின்பும், படுத்த படுக்கையிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தமது 32ஆம் வயதில் மறைந்தார்.

அவர் எழுதிய தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் வந்தன. 1923இல் அவற்றுள் ஒரு பகுதி இங்கிலாந்தில் இருந்த ஹார்டிக்கு அனுப்பப்பட்டது. பின்னர் அவை வாட்சன் என்ற கணிதப் பேராசிரியரிடம் சென்றன. வாட்சன் 1965ஆம் ஆண்டு இறந்தார். அவரைப் பற்றி நினைவுக் கட்டுரை எழுதுவதற்காக விட்டேக்கர் என்ற மற்றொரு பேராசிரியர் அவர் வீட்டுக்குச் சென்றார். ஓர் அறையின் தரை முழுவதும் ஏறத்தாழ ஓரடி உயரத்துக்குத் தாள்கள் கலைந்து குவிந்து கிடந்தன. இன்னும் சில நாளில் அவை எரிக்கப்படவிருந்தன. குப்பையோடு குப்பையாக ராமானுஜனின் கையெழுத்தும் அங்கே கிடந்தது. விட்டேக்கர் அதனை மீட்டார். ராங்கின் என்ற கணிதர் அவற்றை ஒழுங்குபடுத்தி, 1968ஆம் ஆண்டு டிசம்பரில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு அனுப்பினார். அங்கேயும் எட்டாண்டுகள் யாரும் அறியாமல் இருந்தன. 1976ஆம் ஆண்டு அமெரிக்கக் கணிதர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அந்நூலகத்தில் வாட்சனின் காகிதப் பெட்டியைப் பார்த்தபோதுதான் அது இன்னதென உலகுக்குத் தெரிந்தது.

நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். ‘காணாமற்போன நோட்டுப் புத்தகம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். 1987ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாவின்போது அதன் நிழற்படப் பதிப்பு வெளிவந்தது. அவர் தம் கடைசி ஆண்டில் கண்ட மாக் தீட்டா சார்புகள் அதில் உள்ளன. இன்று கருந்துளைகளை ஆராயும் இயற்பியலாருக்கும் அவை பயன்படுகின்றன.

இதைக் கேட்டபோது என் தோழியர் வியந்தனர். நான் தலை குனிந்திருந்தேன். அதற்குக் காரணம் என் வீட்டில் நடந்த ஒரு செயல்.

நான் செய்த பிழை

என் அப்பச்சி மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும், அன்று ஓடிய வேலை, கூலி, வாங்கிய முன்பணம், அரிசி விலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுவார். ஆண்டுக்கொரு நோட்டு என்று ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருந்தார். சிறுமியாக இருந்தபோது நான் அவற்றைப் புரட்டியிருக்கிறேன். ஒரு நோட்டில் பக்கம் பக்கமாகத் தேதி மட்டும் இருக்கும். எதிரே ‘வேலை இல்லை’ என்றிருக்கும். ஏன் என்று கேட்டதற்கு, “அது பஞ்சப்படி ஸ்ட்ரைக்கு, அம்மிணி” என்றார். திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 1984ஆம் ஆண்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே ஒரு நூலில் படித்தேன்.

அப்பச்சி காலமானபின், மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பெட்டியைத் திறந்து, கரையான் அரித்த பழைய நோட்டுகள் என்று எண்ணி, அத்தனையையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டவள் நான்தான். நாற்பது ரூபாய் கிடைத்தது. என் தாயார் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்தக் கூடத்தில் அமர்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: 127 நாள் வேலைநிறுத்தத்தைப் பற்றி நூல்கள் எழுதப்பட்டுள்ளன. ஆனால் அந்த 127 நாளும் ஒரு தொழிலாளி வீட்டில் அரிசி என்ன விலைக்கு வாங்கப்பட்டது, யாரிடம் எவ்வளவு கடன் பெறப்பட்டது என்பதை ஒரு தொழிலாளியே தன் கையால் எழுதிய சான்று என் வீட்டில் இருந்தது. அதை நான் நாற்பது ரூபாய்க்கு விற்றேன். என் அப்பச்சி ராமானுஜன் அல்லர். ஆயினும், எரிக்கவிருந்தவர்களுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. எது குப்பை, எது செல்வம் என்று தெரியாமல் செய்த செயலே இரண்டும்.

காத்தவர்கள்

அழித்தவர்களைப் பற்றிக் கூறியபின் காத்தவர்களைப் பற்றியும் கூற வேண்டும். அவர்கள் பெரும்பாலும் பெரிய பதவியில் இருந்தவர்கள் அல்லர்.

சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர் பி. கே. சீனிவாசன். ராமானுஜனை நேரில் அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களைத் தேடிச் சென்று நினைவுகளைக் கேட்டு எழுதினார், கடிதங்களைத் திரட்டினார். அப்பள்ளியின் எண் நண்பர் கழகமும் பழைய மாணவர் குழுவும் சேர்ந்து 1968ஆம் ஆண்டு அவற்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டன. ஒரு பல்கலைக்கழகம் செய்யவேண்டிய பணியை ஒரு பள்ளிக்கூடத்துக் கழகம் செய்தது. 1993ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் தோன்றியதிலும் அவர் பங்கு பெரிது.

மற்றொருவர் ராமானுஜனின் மனைவி சானகி அம்மாள். கணவரை இழந்தபோது அவருக்கு இருபத்தொரு வயதளவே. அதன்பின் எழுபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1994இல் மறைந்தார். தையல் கற்று, திருவல்லிக்கேணியில் துணி தைத்தே நெடுங்காலம் வாழ்க்கை நடத்தினார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லையே என்று முதுமையில் அவர் வருந்தியது வெளிநாட்டுக் கணிதர்களின் காதுக்கு எட்டியது. அமெரிக்கக் கணிதர் ரிச்சர்டு ஆஸ்கி முன்னின்று பல நாட்டுக் கணிதர்களிடம் பொருள் திரட்ட, பால் கிரான்லண்டு என்ற சிற்பி 1983ஆம் ஆண்டு மார்பளவு வெண்கலச் சிலை வடித்தார். அதில் ஒன்று சானகி அம்மாளிடம் வந்து சேர்ந்தது. தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண் என்றதும் எனக்கு என் தாயார் முகமே நினைவுக்கு வந்தது.

இத்தனை கைகள் மாறி வந்ததாலேயே இன்று ராமானுஜன் கணிதம் வளர்கிறது. அவருடைய மூல நோட்டுப் புத்தகங்கள் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அவற்றின் நிழற்படப் பதிப்பை 1957ஆம் ஆண்டு பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. அவற்றில் நிறுவலின்றி விடப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை ஆராய்ந்து, புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். 2005ஆம் ஆண்டு முதல், 32 வயதுக்கு உட்பட்ட கணிதர்களுக்குச் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசு வழங்கப்படுகிறது. 32 என்ற வரம்பு எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊருக்கு ஒரு சொல்

திருப்பூருக்குக் கொடிகாத்த குமரன் நினைவகம் உண்டு. 1932ஆம் ஆண்டு சனவரியில் இவ்வூர்த் தெருவில் அடிபட்டு உயிர் நீத்தவரை நாம் மறக்கவில்லை. அது நமக்குப் பெருமை. ஆனால் நம் ஊரை உலகறியச் செய்த பின்னலாடைத் தொழிலின் வரலாறு, வீட்டுப் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் பழைய பேப்பர்க் கடைகளிலும் சிதறிக் கிடக்கிறது. கூலிக் கணக்கு நோட்டு, பழைய பனியன் லேபிள், அட்டைப் பெட்டியின் மேலொட்டிய படம், சங்கத்தின் துண்டறிக்கை, கம்பெனி ஆயுத பூசைக்கு எடுத்த புகைப்படம், கைராட்டையில் நூற்ற பாட்டியின் கதை ஆகிய இவையெல்லாம் நாளை நம் ஊரைப் பற்றி ஆராய வருபவருக்குக் காரின் நூலைப் போல உதவக்கூடும்.

இதற்கு மாளிகை வேண்டாம். சன்னிதித் தெருவின் ஓட்டு வீடே போதிய சான்று. நமது கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கினால் போதும். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து ஒரே ஒரு பொருளைக் கொண்டுவந்து, அது யாருடையது, எந்த ஆண்டினது, எதற்குப் பயன்பட்டது என்று ஒரு தாளில் எழுதிச் சேர்க்கலாம். முதியோரிடம் கேட்டறிந்தவற்றை வரலாற்றுத் துறை மாணவர்கள் பதிவு செய்யலாம். எண்ணும் கணக்கும் இருந்தால் கணிதத் துறையினராகிய நாங்கள் வரிசைப்படுத்தித் தருகிறோம்.

முடிவுரை

ஊர் திரும்பியதும் நடந்ததை என் தாயாரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். அப்பச்சியின் 1991ஆம் ஆண்டு நோட்டு. பின்பக்கங்கள் வெற்றாக இருந்ததால், அக்கம்பக்கத்துப் பெண்களின் ரவிக்கை அளவுகளை என் தாயார் அதில் எழுதிவந்திருக்கிறார். பயன்பட்டுக்கொண்டிருந்ததால் அது மட்டும் என் கைக்குத் தப்பியது! “போனது போகட்டும் அம்மிணி, இருக்கறதப் பத்திரமா வையி” என்றார்.

அன்றிரவு அதை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். ஓரிடத்தில் 37 டஜன் என்பதை எத்தனை உருப்படி என்று கணக்கிட, அப்பச்சி முதலில் 370 என்று எழுதி, அதன்கீழ் 74 என்று எழுதிக் கூட்டி 444 என்று முடித்திருந்தார். அடுத்த பக்கத்தில் 58 டஜனுக்கு 580, 116, 696. பன்னிரண்டாம் வாய்ப்பாடு அறியாதவர், பத்தால் பெருக்கியதையும் இரண்டால் பெருக்கியதையும் கூட்டினால் போதும் என்று தாமே கண்டிருக்கிறார். நாம் வகுப்பில் பங்கீட்டு விதி என்று படிப்பது இதுவேயன்றோ! விதியின் பெயர் அவருக்குத் தெரியாது, நிறுவலும் இல்லை. விடை மட்டும் ஒவ்வொரு நாளும் சரியாக இருக்கிறது.

அந்த நோட்டை நமது கல்லூரி நூலகத்தில் ஒப்படைக்கத் தீர்மானித்திருக்கிறேன். என் தாயார் எழுதிய அளவுப் பக்கங்களும் அதனுடனேயே இருக்கும். அலமாரிக்கு முதல் பொருள் கிடைத்துவிட்டது. அடுத்ததைக் கொண்டுவரப்போவது நீங்கள்தாம். இந்தப் பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடிக்கும்போது, பரணில் கிடக்கும் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.